ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு மடை

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதை நம் மாவட்டத்தில் அறியாதவர் குறைவு. தடவாமல் விட்டால் அதே இனிய சாறு பொழுது ஏறுவதற்குள் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். அந்த நுரைக்கும் புளிப்புக்கும் பெரும் பங்கு உடைய நுண்ணுயிர் ஈஸ்ட். ஆப்ப மாவைப் பொங்க வைப்பதும் அதுவே. அந்த எளிய உயிரைக் கொண்டு மருந்துப் புரதம் செய்யும்போது, அதன் மரபணுவை எப்போது, எந்த அளவுக்கு இயங்கச் செய்வது என்பதே இன்றைய என் பேச்சு.

ஹெப்படைட்டிஸ் பி எனும் கல்லீரல் அழற்சிக்கான தடுப்பூசியை ஒரு காலத்தில் நோய்க்கிருமியைச் சுமந்தவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்தக் கிருமியின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, புரதத்தை மட்டும் செய்யச் சொன்ன தடுப்பூசிக்கு 1986இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், பிச்சியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்டைக் கொண்டு 1997இல் இத்தகைய தடுப்பூசியை வெளியிட்டது. நீரிழிவு நோயாளிகளுக்கான இன்சுலினும் இன்று ஈஸ்டில் தயாராகிறது.

ஆனால் மரபணுவை உள்ளே வைத்துவிட்டால் மட்டும் புரதம் வந்துவிடாது. மரபணுவுக்கு முன்னால் புரமோட்டர் என்ற டி.என்.ஏ. பகுதி இருக்க வேண்டும். மரபணுவின் செய்தியைப் படியெடுக்கும் நொதி அங்கேதான் வந்து அமர்கிறது. அதை நான் வகுப்பில் மடை என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். பேச்சிப்பாறை அணை நிறைந்திருந்தாலும் மடையைத் திறக்காமல் வயலுக்குத் தண்ணீர் வராது. அதே நேரத்தில், கன்னிப்பூவோ கும்பப்பூவோ, எந்தப் பட்டமானாலும் நாற்றுப் பருவத்துக்கு ஒரு அளவு, பொதி கட்டும்போது ஒரு அளவு என்று தண்ணீர் விடுவதுதான் விவசாயம்; கதிர் முற்றிய பின் வயலில் தண்ணீர் நின்றால் அறுவடையே சிரமம்.

இயற்கையில் ஈஸ்டுக்கு நல்ல மடைகள் உண்டு. ரொட்டி ஈஸ்டில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை கிடைத்தால் திறந்து, குளுக்கோஸ் இருந்தால் மூடிக்கொள்ளும் ஒரு புரமோட்டர் இருக்கிறது. பிச்சியாவில் ஏ.ஓ.எக்ஸ்.1 என்ற மரபணுவின் புரமோட்டர், மெத்தனால் என்ற ஆல்கஹால் வகைக்குத் திறக்கிறது. மெத்தனாலில் வளரும்போது அந்த மரபணு தரும் நொதி மட்டுமே செல்லில் கரையும் புரதத்தில் 30 சதவீதம் வரை எட்டக்கூடும். இந்த வலிமைக்காகவே தொழிற்சாலைகள் அதை விரும்பின. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. மெத்தனால் எளிதில் தீப்பிடிக்கும், நச்சுப் பொருள். அதைச் செரிக்கும் ஈஸ்ட் மிகுந்த ஆக்சிஜனைக் கேட்கிறது, மிகுந்த வெப்பத்தை வெளியிடுகிறது. ஈஸ்டை வளர்க்கும் பெரிய நொதிகலனைக் குளிர்விப்பதே தனி வேலையாகிவிடுகிறது.

ஆகவே, இயற்கை தந்த மடையை அப்படியே ஏற்காமல், அதன் பாகங்களைப் பிரித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். புரமோட்டரில் படியெடுப்பு தொடங்கும் மையப் பகுதி ஒன்று. அதற்கு மேலே, ஊக்கும் புரதங்கள் வந்து பிடிக்கும், டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளாலான குறுகிய தொடர்கள் பல. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஏ.ஓ.எக்ஸ்.1இல் இத்தகைய பிடிப்பிடங்களில் சிலவற்றை நீக்கியும் சிலவற்றை இரட்டித்தும், இயற்கைப் புரமோட்டரின் வலிமையில் 6 சதவீதம் முதல் 160 சதவீதத்துக்கும் மேல் வரை படிப்படியான வகைகளை 2008இல் வெளியிட்டார்கள். 2015இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நூற்றுக்கணக்கான எழுத்துகள் நீளும் ஈஸ்ட் புரமோட்டரின் இடத்தில், பத்தே எழுத்து நீளமுள்ள ஊக்கத் தொடர்களையும் சிறு மையப் பகுதிகளையும் இணைத்து, குறுகியதாயினும் வலிமை குன்றாத புரமோட்டர்களைக் காட்டினார்கள். டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி இறுகக் கட்டப்பட்டிருந்தால் ஊக்கும் புரதம் உள்ளே நுழைய முடியாது என்பதால், அந்தக் கட்டு இளகியிருக்கும்படி எழுத்துகளை அமைப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

புதிய தொடர்களை உருவாக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரே எழுத்துத் தொடர் பல இடங்களில் இருந்தால், ஈஸ்ட் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி இடையிலுள்ளதை வெட்டி எறிந்துவிடக்கூடும். ஒரு பொருளைப் படிப்படியாகச் செய்யும் பாதைக்கு ஐந்து மரபணுக்கள் தேவையென்றால், ஒரே புரமோட்டரை ஐந்து முறை வைப்பது, நாம் செய்து வைத்ததை அது மறக்க வழிசெய்வதாகும். வலிமையில் ஒத்தும் எழுத்தில் வேறுபட்டும் இருக்கும் புரமோட்டர்கள் அதனாலேயே அருமையானவை.

என் மாணவர்கள் முதலில் கேட்பது, எது மிக வலிமையானது என்பதே. ஆனால் புரதம் உருவாவதோடு வேலை முடிவதில்லை. செல்லின் எண்டோபிளாச வலையில் அது சரியாக மடிய வேண்டும், பிறகு வெளியே அனுப்பப்பட வேண்டும். மடிக்கும் திறனுக்கு மேல் வந்து குவிந்தால், மடியாத புரதங்களைச் சமாளிக்கும் நெருக்கடி எதிர்வினை தொடங்கி, செல்லின் வளர்ச்சியே தளர்ந்துவிடுகிறது. அப்போது மிதமான புரமோட்டரே அதிகப் புரதம் தருவதும் உண்டு. இதை நாற்றில் தண்ணீர் நின்று அழுகிய வயலைப் பார்த்த ஒருவருக்கு விளக்க எனக்கு அதிக நேரம் ஆனதில்லை.

இன்று ஆய்வாளர்கள் மெத்தனாலே இல்லாமல் இயங்கும் புரமோட்டர் மாற்றுருக்களை நாடுகிறார்கள். முதலில் கிளிசரால் கொடுத்துச் செல்களைப் பெருக்குகிறார்கள். கிளிசரால் இருக்கும்வரை புரமோட்டர் மூடியே இருக்கும்; அது தீரும்போது அந்த அடக்கம் நீங்கி, புரமோட்டர் தானே திறந்துகொள்கிறது. பிறகு சிறுகச் சிறுக உணவு சொட்டவிட்டால், தீப்பிடிக்கும் திரவம் எதுவும் இன்றி, செல் தன் சொந்தக் கணக்கில் புரதம் செய்துகொண்டே இருக்கிறது.

வணக்கம்.