இரண்டு சுவரில் நான்கு பேர்

நேயர்களுக்கு வணக்கம். நான்கு ஸ்பீக்கரில் கேட்க வேண்டிய ஒரு சங்கதியைப் பேச வந்திருக்கிறேன். உங்களில் பலர் இதை ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை, இந்தப் பேச்சுக்கு அது போதும். பக்கத்தில் பென்சில் இருந்தால் மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எதுவும் போடச் சொல்ல மாட்டேன்.

1970களில் குவாட்ரஃபோனிக் என்று ஒருவகை இசைத்தட்டுகள் வந்தன. கேட்பவருக்கு முன்னால் இரண்டு ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் இரண்டு. பாடகர் எதிரே நிற்பார், கித்தார் பின்னால் இடது மூலையிலிருந்து வரும், கைதட்டல் சுற்றிச் சுற்றி எழும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இசைத்தட்டில் இருப்பது என்ன? சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு இரண்டே சுவர். ஒரு சுவரில் இடது ஒலி, மறு சுவரில் வலது ஒலி. இருவர் உட்காரும் பலகையில் நால்வரை எப்படி உட்கார வைப்பது?

அன்று இரண்டு வழி கண்டார்கள். ஜேவிசி நிறுவனத்தின் சிடி-4 முறையில், காதுக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸில் ஒரு கூடுதல் அலையைப் பள்ளத்திலேயே ஏற்றினார்கள். அதைப் படிக்கத் தனி ஊசி, தனிக் கருவி எல்லாம் வேண்டும். அது வேறு கதை, இன்றைக்கு வேண்டாம். நான் பல வருடமாகப் பின்னால் அலைந்துகொண்டிருப்பது மற்றதன் பின்னால்: மேட்ரிக்ஸ். நான்கு ஒலிகளையும் இரண்டாகக் கலந்து தட்டில் வெட்டிவிடுவது. வீட்டில் அந்த இரண்டை மறுபடி நான்காகப் பிரித்துக்கொள்வது.

கலந்தது எப்படிப் பிரியும், பாலில் ஊற்றிய தண்ணீர் பிரியுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கலக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வைத்துக் கலக்கிறார்கள், அதுதான் சூட்சுமம்.

இப்போது பென்சிலை எடுங்கள். கூர் கீழே இருக்கட்டும். அதுதான் ஊசி. பள்ளம் உங்கள் முன்னாலிருந்து நேரே நீளமாக ஓடுகிறது. இரண்டு சுவரும் ஆளுக்கு 45 பாகை சாய்ந்திருக்கின்றன. இரண்டு சுவரிலும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் இருந்தால், ஊசி இடமும் வலமுமாக ஆடும். ஆட்டிப் பாருங்கள். எதிரே நடுவில் நிற்கும் பாடகர் இப்படித்தான் தட்டில் இருக்கிறார். அதே ஒலி ஒரு சுவரில் ஏறும்போது மறு சுவரில் இறங்கினால், ஊசி மேலும் கீழுமாகக் குதிக்கும். இதுவரை சாதாரண ஸ்டீரியோதான்.

இனிமேல்தான் வேடிக்கை. ஒலி அலை ஒரு முறை ஏறி இறங்கி முடிப்பதை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவரிலும் ஒரே அளவு ஒலி, ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் சுற்று பின்தங்கி வருகிறது. ஊசி என்ன செய்யும்? பக்கவாட்டிலும் போக வேண்டும், மேலும் கீழும் போக வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. அது வட்டம் போடும்! பென்சில் நுனியைக் காற்றில் வட்டமாகச் சுழற்றுங்கள். தட்டும் ஓடிக்கொண்டே இருப்பதால், பள்ளத்தில் அந்த வட்டம் திருகாணிச் சுருளாக இழுபடும். சிபிஎஸ் ஆய்வகத்தில் பெஞ்சமின் பாவரும் அவருடைய குழுவும் செய்த எஸ்க்யூ முறையில், பின்னால் இடது மூலைக்காரர் ஒரு திசையில் சுழலும் வட்டம், வலது மூலைக்காரர் எதிர்த் திசையில் சுழலும் வட்டம். 1971இல் வெளிவந்த அந்தத் தட்டுகளை ஊசி இவ்வளவு காலமும் வட்டம் போட்டுப் போட்டுத்தான் படித்துக்கொண்டிருந்தது. சாதாரண ஸ்டீரியோவில் கேட்ட யாருக்கும் அது தெரியவே இல்லை. எனக்கு இதைப் படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, அடையாளம் ஒலியின் அளவில் மட்டும் இல்லை. எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பதில் இருக்கிறது. ஃபேஸ் என்பார்கள், கட்டம் என்று பாடப் புத்தகத்தில் போடுவார்கள். நான் முன்பின் என்றே சொல்லிக்கொள்கிறேன். முன்பின் கெடக் கூடாது. இதை இன்னும் நாலு தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்ரிக்ஸ் வழியை முதலில் யோசித்தவர்களில் பீட்டர் ஷைபர் என்பவர் பஸூன் வாசித்த இசைக்கலைஞர். காற்று வாத்தியக்காரருக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்ற கவலை வந்ததில் ஆச்சரியமில்லை. அவருக்கு 1972இல் காப்புரிமை கிடைத்தது. அப்புறம் சிபிஎஸ்ஸின் எஸ்க்யூ, சான்சுயியின் க்யூஎஸ் என்று ஆளுக்கொரு கலவை. ஒன்றின் தட்டை இன்னொன்றின் டிகோடரில், அதாவது நான்காகப் பிரிக்கும் கருவியில், போட்டால் வாத்தியங்கள் இடம் மாறி உட்காரும்.

பிறகு ஏன் ஓடவில்லை? பல காரணம் சொல்வார்கள். என் கணக்கில் பெரிய காரணம், பிரிப்பது அரைகுறையாக இருந்தது. எளிய எஸ்க்யூ டிகோடரில், முன் இடது மூலையில் மட்டும் வர வேண்டிய வாத்தியம் பின்னால் இரண்டு மூலைகளிலும் கேட்கும், வெறும் 3 டெசிபல் குறைந்து. 3 டெசிபல் என்றால் சக்தி பாதி. காதுக்கு அது கொஞ்சம் சத்தம் குறைந்த மாதிரிதான் இருக்கும், அவ்வளவே. க்யூஎஸ்ஸிலும் பக்கத்து மூலைக்கு அதே 3 டெசிபல் கசிவுதான். சரி செய்ய லாஜிக் என்ற சுற்று வைத்தார்கள். அந்த நொடியில் யார் உரக்கப் பாடுகிறாரோ, மற்ற மூலைகளை அமுக்கி அவர் மூலையை உயர்த்தும். உரக்கக் கத்துபவர் பக்கமே தலையாட்டும் கூட்டத் தலைவர் மாதிரி. தாளம் ஒன்று விழுந்தால் மொத்த அறையும் அந்தப் பக்கம் சாயும், உடனே திரும்பும். சிறிது நேரம் கேட்டால் தலை சுற்றும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு மூலையில் உரக்க வாசித்தால் அது பாவம், என்ன செய்யும்?

ஆனால் தட்டின் மேல் பழி போடாதீர்கள். ஒவ்வொன்றின் அடையாளமும் பள்ளத்தில் இருந்தது. படிக்கிறவருக்குத்தான் கண் போதவில்லை. இதே கலவை வித்தை அப்புறம் சினிமாவுக்குப் போய், டால்பி ஸ்டீரியோ என்ற பெயரில் படச்சுருளின் இரண்டு தடங்களில் இடம், நடு, வலம், சுற்று என நான்கையும் தூக்கிக்கொண்டு போனது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. நேரம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு எஸ்க்யூ தட்டைக் கணினியில் பதிந்து, பிரிக்கும் நிரலை நானே எழுதினேன். நான்கு ஸ்பீக்கரையும் வைத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. பாடகர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பாடினார். எதிரே ஆளில்லை. சரி, எங்கேயோ கழித்தல் குறியைத் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று நிரலைத் திருத்தினேன். பாடகர் முன்னால் வந்தார், பின்னால் இருக்க வேண்டிய வாத்தியங்கள் குழம்பின. அதைத் திருத்தினால் இது கெட்டது. மூன்று வாரம். ராத்திரி ராத்திரியாக. நடுவில் இன்னொன்றும் கவனித்தேன்: தட்டை ஒற்றை ஒலியாகச் சேர்த்துக் கேட்டால் பாடகரின் குரல் காணாமல் போனது, அடித்தொனியும் மெலிந்திருந்தது. பழைய தட்டு, தேய்ந்துவிட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மடையன்.

ஒரு நாள் ஊசியைத் துடைக்கக் கையைத் திருப்பியபோது, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் பின்பக்கம் கண்ணில் பட்டது. அங்கே நான்கு மயிரிழைக் கம்பிகள் செருகியிருக்கும். வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை, பச்சை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு. கார்ட்ரிட்ஜை மாட்டியவன் வேறு யாருமில்லை, நான்தான். வலது ஒலி முழுக்கத் தலைகீழ். இடவலமாக ஆட வேண்டிய பாடகரை, என் கருவி மேல்கீழாகக் குதிக்கிறவராகப் படித்திருக்கிறது. எஸ்க்யூ கணக்கில் அப்படிக் குதிப்பவர் யார் தெரியுமா? பின்னால் நடுவில் நிற்பவர்! என் நிரல் முதல் நாளிலேயே சரியாகச் சொல்லியிருக்கிறது. இடுக்கியால் இரண்டு கம்பியையும் மாற்றிச் செருகப் பத்து நிமிடம் ஆனது.

அதிலிருந்து யார் என்னிடம் டிகோடர் மென்பொருள் கேட்டாலும், முதலில் தட்டைச் சரியாகப் பதியுங்கள் என்றுதான் சொல்கிறேன். மென்பொருள் நாளைக்கு மாறும். பதிவில் முன்பின் கெட்டுவிட்டால் எந்த மென்பொருளும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்துக்குப் பக்கம் அளவு 1 டெசிபல் பிசகினாலே, கழித்தால் முழுக்க மறைய வேண்டிய குரலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பின்னால் கசியும். ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் இதே கேடுதான். கண்ணால் பார்த்தால் நேராக இருக்கிற மாதிரியே தெரியும், அதை நம்பாதீர்கள்.

சரி, மென்பொருள் என்ன செய்கிறது? முதலில் அந்தக் கால் சுற்று. சிலர் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கால் சுற்று என்றால் 2.5 மில்லி விநாடி. 1,000 ஹெர்ட்ஸுக்கு 0.25 மில்லி விநாடிதான். ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு தாமதம் வேண்டும். அன்றைய கருவிகள் மின்தடை, மின்தேக்கிகளை வரிசையாக வைத்து ஓரளவு ஒப்பேற்றின. கணினியில் ஹில்பர்ட் மாற்றம் என்ற கணக்கு இதை மிகத் துல்லியமாகச் செய்துவிடும்.

அடுத்தது எஃப்எஃப்டி. இசையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் சுருதி வாரியாகப் பிரிக்கிற கணக்கு. சிடி தரத்தில் 4,096 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்த 4,096 புள்ளிகள், கொண்ட துண்டு என்றால், விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அது சுமார் 11 ஹெர்ட்ஸ் அகலத்தில் 2,000க்கு மேற்பட்ட பட்டைகளாக விரியும். ஒவ்வொரு பட்டையிலும் மென்பொருள் இரண்டே கேள்வி கேட்கிறது: இரண்டு பக்கமும் அளவு எப்படி, முன்பின் எப்படி? பதிலை வைத்து அந்தப் பட்டையை அதன் மூலைக்கு அனுப்புகிறது. பழைய லாஜிக் சுற்று மொத்த இசைக்கும் ஒரு தலைவர் மாதிரி என்றேனே, இங்கே பட்டைக்கு ஒருவர் இருக்கிறார். கித்தார் ஒரு மூலையிலும் கைதட்டல் இன்னொரு மூலையிலும் ஒரே நொடியில் நிற்கலாம். இந்த எஃப்எஃப்டி கணக்கைக் கூலி, டூக்கி என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1965லேயே வெளியிட்டுவிட்டார்கள், எஸ்க்யூ தட்டு வருவதற்கு ஆறு வருடம் முன்பே! அதைப் போடுகிற கணினிதான் வீட்டில் இல்லை.

குறையும் உண்டு. இரண்டு வாத்தியம் ஒரே பட்டையில் மோதினால் மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தை ஊகிக்கும். அப்போது ஒலி தண்ணீருக்குள் கேட்பதுபோல் கொழகொழக்கும். பிரிக்கும் அளவை முழுதாக ஏற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். நான் கொஞ்சம் கசிவை விட்டுவைப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஸ்பீக்கர் வைக்கும் முறை பற்றிச் சொல்ல நினைத்தது இன்றைக்கு இல்லை. மிச்சத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டைக் கழுவிவிட்டுப் பதியுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும், 24 பிட்டில் பதியுங்கள். பதிந்ததை எம்பி3 ஆக்கிவிட்டுப் பிரிக்காதீர்கள், அது காதுக்கு வேண்டாதது என்று நினைப்பதை வெட்டும், அதில் முன்பின் அடிபடும். எதையும் வெட்டாத ஃப்ளாக் கோப்பாக வையுங்கள். கீறல் சத்தத்தை எடுக்கிறேன் என்று இடது, வலதைத் தனித்தனியாகத் தொடாதீர்கள். பிரித்த பிறகும் பிரிக்காத மூலப் பதிவை அழிக்காதீர்கள், இதைவிட நல்ல டிகோடர் வரும். கோப்பின் பெயரிலேயே எஸ்க்யூவா, க்யூஎஸ்ஸா என்று எழுதிவிடுங்கள். நான் எழுதாமல் விட்ட பதினோரு கோப்புகள் எது எந்த முறை என்று தெரியாமல் இன்னும் என்னிடம் கிடக்கின்றன. நன்றி, வணக்கம்.