நல்லதுக்கு மட்டும் பயன்படுத்துக

நேயர்களுக்கு வணக்கம். மென்பொருள் உரிமங்களை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை உட்கார்ந்து படிக்கிற ஆட்கள் உலகத்தில் கொஞ்சம் பேர் உண்டு. அந்தக் கொஞ்சம் பேரில் நானும் ஒருவன். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். வானொலி என்பதால் நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

புதிதாக ஒரு செயலியைப் போடும்போது நீளமாக என்னவோ எழுத்து வரும். நாம் அதைப் படிப்பதில்லை. கீழே போய் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். அந்த எழுத்துதான் உரிமம். வாடகைப் பத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஆணி அடிக்கலாமா, உள்வாடகைக்கு விடலாமா எல்லாம் அதில்தான் இருக்கும்.

கட்டற்ற மென்பொருள் என்று எதைச் சொல்கிறோம்? ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நான்கு சுதந்திரங்களைச் சொல்கிறது. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம். அடுத்தவருக்கு நகல் கொடுக்கலாம். மாற்றியதையும் கொடுக்கலாம். கணினிக்காரர்கள் அல்லவா, இந்த நான்கையும் 0, 1, 2, 3 என்றுதான் எண்ணுவார்கள். விலையைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை, கவனியுங்கள். காசுக்கு விற்றாலும் இந்த நான்கும் இருந்தால் அது கட்டற்றதுதான்.

சரி, ஓர் உரிமம் இந்த நான்கையும் தருகிறதா இல்லையா என்று யார் சொல்வது? அந்த அறக்கட்டளை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்னின்ன உரிமங்கள் கட்டற்றவை, இன்னின்னவை அல்ல. யார் வேண்டுமானாலும் இணையத்தில் போய்ப் படிக்கலாம். பெயருக்குக் கீழே ஏன் அப்படி என்று இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார்கள். எனக்குத் தீர்ப்பைவிட அந்தக் காரண வரிகள்தான் முக்கியம். இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் கறுப்புத் திரையில் மின்னஞ்சல் படித்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் 'பைன்' என்ற பெயர் ஞாபகம் வரும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்த மென்பொருள். அதன் பழைய உரிமத்தில் நகலெடுக்கலாம், திருத்தலாம், விநியோகிக்கலாம் என்று மூன்றும் இருந்தன. வேறென்ன வேண்டும் என்கிறீர்களா? பல்கலைக்கழகம் அதற்கு ஒரு வியாக்கியானம் சொன்னது. திருத்தலாம், சரி. விநியோகிக்கலாம், அதுவும் சரி. ஆனால் திருத்தியதை விநியோகிக்கலாம் என்று நாங்கள் எங்கே சொன்னோம்? எந்த வக்கீலும் கைதட்டுவார். ஆக, பைன் கட்டற்றது அல்லாத பக்கத்துக்குப் போய்விட்டது. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைத் தொகுத்துத் தரும் டெபியன் குழுவும் அதைத் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. பைனுக்குள் 'பிக்கோ' என்று ஓர் எளிய எழுதுகருவி இருந்தது. அதுவும் அதே உரிமத்தில் மாட்டிக்கொண்டது. அதனால் 1999-இல் கிறிஸ் அலெக்ரெட்டா என்பவர் அதே மாதிரி ஒன்றைப் புதிதாக எழுதினார். அதுதான் 'நானோ'. இன்றைக்கு லினக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த நானோதான். அது ஏன் பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்ற அமெரிக்க நிரலாளர், ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் பரவலாக்கியவர். நீங்கள் கைப்பேசியில் வானிலை பார்த்தாலும், ரயில் எங்கே வருகிறது என்று பார்த்தாலும், பின்னால் அந்த வடிவத்தில்தான் தகவல் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். 2002 வாக்கில் அவர் தன் நிரல்களுக்கு உரிமம் எழுத உட்கார்ந்தார். அமெரிக்காவில் பயங்கரவாதத்துக்கு எதிரான போர், தீயவர்களை ஒழிப்போம் என்று பேச்சு முழங்கிக்கொண்டிருந்த நேரம். நம் பங்குக்கு நாமும் ஏதாவது செய்வோமே என்று ஒரு வரி சேர்த்தார். இந்த மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல. ஒரே வரிதான்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? அறக்கட்டளை தன் பட்டியலில் இதைக் கட்டற்றது அல்ல என்று எழுதி வைத்தது. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்ற அந்த 0-ஆவது சுதந்திரம் இங்கே அடிபடுகிறது. தீமை எது என்று யார் முடிவு செய்வது? மது விற்பவர் தீயவரா? ராணுவம்? வட்டிக்கடை? ஒரு நீதிபதி முன்னால் போய் நின்றால் என்ன ஆகும்?

ஐபிஎம் நிறுவனத்து வக்கீல்களுக்கும் இதே கவலை வந்துவிட்டது. நாங்கள் தீமை செய்யப்போவதில்லை, ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் எப்படி உத்தரவாதம் தருவது என்று அவருக்கு எழுதினார்கள். அவர் என்ன பதில் அனுப்பினார் தெரியுமா? ஐபிஎம், அதன் வாடிக்கையாளர்கள், கூட்டாளிகள், அடியாட்கள் ஆகியோர் ஜேஎஸ்லிண்ட்டைத் தீமைக்குப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்! ஜேஎஸ்லிண்ட் என்பது அவர் எழுதிய இன்னொரு நிரல். வக்கீலும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். இதை கிராக்ஃபோர்டே மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் பல தடவை சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை பேருக்கு வேலை வைத்தது பாருங்கள். பிஎச்பி என்ற நிரல்மொழியில், ஜேசனைப் படிக்க அவர் எழுதிய நிரல் புகுந்திருந்தது. லினக்ஸ் குழுக்கள் அதைக் கழற்றி எறிய, 2015 இறுதியில் வந்த பிஎச்பி 7, வேறொருவர் புதிதாக எழுதிய நிரலுக்கு மாறிக்கொண்டது. 2016-இல் அப்பாச்சி என்ற மென்பொருள் அறக்கட்டளையும் இந்த உரிமத்தைத் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாதவற்றோடு வைத்தது. ஒரு நல்லெண்ண வரி, உலகம் முழுக்க மாற்று எழுதும் வேலை. பிற்பாடு 2022-இல் ஜாவா மொழியில் அவர் எழுதிய ஜேசன் நிரல் யாருக்கும் உரிமையில்லாத பொதுச்சொத்து ஆகிவிட்டது, அந்த வரியும் போயிற்று.

வடிவத்துக்கும் நிரலுக்கும் வித்தியாசம் உண்டு. ஜேசன் வடிவத்தை யாரும் பயன்படுத்தலாம். சிக்கல் அவர் எழுதிய நிரலில் மட்டும்தான். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓர் உரிமம் கட்டற்றதா என்று பார்க்க டெபியன் குழுவினரின் விவாதங்களில் சில சோதனைகள் உண்டு. வானொலிக்கு ஏற்றவை, கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம். ஒருவர் ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்டார், கையில் சூரிய ஒளியில் ஓடும் கணினி. மாற்றிய நிரலை மூல ஆசிரியருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று உரிமம் சொன்னால் அவரால் முடியுமா? முடியாது. அப்படியென்றால் அது கட்டற்றது அல்ல. இன்னொன்று, சர்வாதிகார நாட்டில் ஒளிந்து வாழும் எதிர்ப்பாளர். தன் பெயரைச் சொல்லாமல் தன் கூட்டத்தாருக்கு நிரலைக் கொடுக்க முடியுமா? சட்டப் புத்தகம் படிக்காதவரும் இதை வைத்து வாதம் செய்யலாம்.

ஆப்பிள் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த உரிமம் கிட்டத்தட்ட அந்தத் தீவுக்காரரிடமே மாட்டியது. மாற்றிப் பயன்படுத்தினால் ஆப்பிளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ், அதாவது எந்த உரிமம் 'திறந்த மூலம்' என்று பட்டியல் போடும் இன்னோர் அமைப்பு, அதை ஏற்றுக்கொண்டது. ஸ்டால்மன் தரப்பு ஏற்கவில்லை, ஏன் என்று வரிவரியாக எழுதி எல்லோரும் பார்க்க வைத்தது. 2003-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தச் சிக்கல்கள் நீங்கின. அதே அறக்கட்டளை அதைக் கட்டற்ற பக்கம் சேர்த்தது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காரணத்தை வெளியே எழுதி வைத்தால்தான் எதிராளி அதைப் படித்துத் திருத்திக்கொள்ள முடியும். வெறும் 'முடியாது' என்று சொன்னால் சண்டைதான் மிச்சம். இரண்டு பட்டியல்கள் ஒத்துப்போகவில்லையா? போகட்டும். இரண்டிலும் காரணம் இருந்தால் நாமே படித்து முடிவெடுக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மோங்கோடிபி, ரெடிஸ் என்று கட்டற்ற நிலையிலிருந்து உரிமத்தை மாற்றிக்கொண்ட நிறுவனங்களைப் பற்றிப் பேச ஒரு பக்கம் எழுதி வந்திருந்தேன், அது என் பையிலேயே இருக்கட்டும். இது மட்டும். இப்போது எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் லாமா என்ற மொழி மாதிரி திறந்த மூலம் என்று விளம்பரமாகிறது. 2023-இல் வந்த அதன் உரிமத்தில், மாதம் 70 கோடிக்கு மேல் பயனர் வைத்திருக்கும் நிறுவனம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறது. எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று தனிப் பட்டியலும் உண்டு. கிராக்ஃபோர்டின் ஒரு வரி இங்கே பல பக்கம். ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அப்போதே இது திறந்த மூலம் அல்ல என்றது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் 2025 ஜனவரியில் லாமா 3.1 உரிமத்தைக் கட்டற்றது அல்ல என்று காரணத்தோடு அறிவித்தது. பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும், படித்துப் பாருங்கள். நேரம் முடிந்துவிட்டது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.