ரத்தத்தில் ஓடும் தாதுக்களும் நம் பிரஷரும்

(மன்னார்குடியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நிற்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

கொஞ்ச காலமாக நோயாளிகள் ஒரு புது மாதிரி லேப் ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். முழு உடல் பரிசோதனை எடுத்திருப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் துத்தநாகம், செம்பு, செலினியம், மக்னீசியம் என்று ஒரு வரிசை இருக்கும். ஏதாவது ஒன்றின் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். "டாக்டர், இது குறைஞ்சதாலதான் பிரஷர் ஏறுதா? இதுக்கு மாத்திரை போட்டுக்கிட்டா பிரஷர் மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறுத்தக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒரு பெரிய ஆள் உடம்பில் மக்னீசியம் சுமார் 25 கிராம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில். மற்றதில் பெரும்பங்கு தசையிலும் மற்ற செல்களிலும். ரத்த நீரில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. துத்தநாகம் மொத்தமே 2, 3 கிராம்தான். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ரத்த நீரில் ஓடுகிறது. பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது. நாம் ஊசி போட்டு எடுப்பது அந்த மிச்சம் மீதியை. நம் ஊர் வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மேட்டூரில் எத்தனை அடி இருக்கிறது என்று யாராவது சொல்வோமா? அணை இறங்கிக்கொண்டே இருக்கும்போதும் வாய்க்காலில் சில நாள் நிறைய ஓடும். ரத்தமும் அப்படித்தான். அளவு குறையாமல் பார்த்துக்கொள்ள எலும்பும் சிறுநீரகமும் ஓயாமல் வேலை செய்கின்றன.

அதோடு, ரத்தம் எடுக்கும் விதத்திலேயே அளவு மாறும். கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பு தெரியவில்லை என்று "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியமும் மக்னீசியமும் ஏறிவிடும். துத்தநாகம் இன்னும் நுட்பமானது. காலையில் ஓர் அளவு, சாப்பிட்ட பிறகு அதற்குக் குறைவு. காய்ச்சலோ புண்ணோ இருந்தால் துத்தநாகம் இறங்கும், செம்பு ஏறும். சாதாரண ரத்தக் குழாயின் ரப்பர் மூடியிலேயே துத்தநாகம் உண்டு. அதற்கென்று தனிக் குழாயில் எடுக்காவிட்டால் அந்த எண்ணை நம்பவே முடியாது. இவ்வளவையும் சரியாகச் செய்கிற லேப்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை அந்த அம்புக்குறி சொல்லாது.

அடுத்தது, காரணம் எது, விளைவு எது என்ற சிக்கல். பிரஷர் உள்ள பலருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போல சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை கொடுக்கிறோம். அது உப்பை வெளியே தள்ளும்போது பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அப்படிப்பட்டவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "மக்னீசியம் குறைந்தவர்களுக்குத்தான் பிரஷர் வருகிறது" என்று சொன்னால் தலைகீழாகப் படிக்கிறோம் என்று அர்த்தம். பிரஷர் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கிற ஆய்வுகளை நான் சந்தேகத்தோடு படிப்பதற்கு இதுதான் காரணம். துத்தநாகத்தில் சில ஆய்வுகள் பிரஷர்காரர்களுக்குக் குறைவு என்கின்றன, சில கூடுதல் என்கின்றன.

துத்தநாகம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பது தெரிந்தால் இதில் வியப்பில்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்குகிற ஒரு பொருளை உண்டாக்கும் நொதியின் நடுவில் துத்தநாகம் உட்கார்ந்திருக்கிறது. உங்களில் சிலர் சாப்பிடுகிற எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அந்தத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நொதியை நிறுத்துகின்றன. இந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில், பிரேசிலில் உள்ள ஒரு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. அதே துத்தநாகம் செம்போடு சேர்ந்து வேறொரு நொதியில் இருந்துகொண்டு, ரத்தக் குழாயைத் தளர்த்துகிற நைட்ரிக் ஆக்சைடு வீணாகாமல் காக்கிறது. ஏற்றுகிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும் இருக்கிற ஒன்றை "கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது" என்று எப்படிச் சொல்வது?

மக்னீசியம் மாத்திரையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 34 சோதனைகளைத் தொகுத்து 2016-ல் வந்த கணக்குப்படி, மேல் அழுத்தம் சராசரியாக 2 புள்ளி இறங்கியது. 160 இருப்பவருக்கு 158. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக மாத்திரையை நிறுத்துகிறவர் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். பக்கவாதம் வந்த பிறகு, "நல்லாத்தானே இருந்தேன், அதான் நிறுத்திட்டேன்" என்று சொல்லக் கேட்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

சரி, அப்படியானால் தாதுக்களுக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. அது ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் நுண்தாதுக்கள் ஆகா, கிராம் கணக்கில் சாப்பிடுகிறோம். பிரஷரை உண்மையில் ஆட்டிப் படைப்பது இந்த ஜோடிதான். பொட்டாசியம் போதுமான அளவு வந்தால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், பொட்டாசியம் குறைந்தது 3,510 மில்லிகிராம். 5 கிராம் என்பது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. குழம்பு, ரசம், மோர், பொரியலிலேயே அது தீர்ந்துவிடும். அப்புறம் அப்பளம், வடகம், மோர் மிளகாய், மாவடு, நாகப்பட்டினம் கருவாடு எல்லாம் எந்தக் கணக்கில்?

"நாங்க இந்துப்புதான் டாக்டர் போடுறோம், அதுல தாதுக்கள் இருக்காமே" என்கிறார்கள். இந்துப்பிலும் மிகப் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். தாதுக்களுக்காக அதை நம்பினால், உடம்புக்கு வேண்டிய மக்னீசியம் சேருவதற்குள் உப்பு அளவு எங்கேயோ போய்விடும். வேதாரண்யம் பக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துபோன இடம். அங்கே பாத்தியில் உப்பு விளைந்து படிந்த பிறகு மேலே கசப்பாக ஒரு நீர் மிஞ்சும். கடல் நீரின் மக்னீசியம் பெரும்பாலும் அந்தக் கசப்பு நீரில்தான் தங்குகிறது. நாம் வாரி எடுப்பது உப்பை மட்டும். கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு, எதுவானாலும் அளவு ஒன்றுதான்.

உப்பையே மாற்றிப் பார்த்த ஒரு பெரிய சோதனை சீனாவில் நடந்தது. 600 கிராமங்கள், 20,995 பேர். பாதிக் கிராமங்களுக்கு நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். சுமார் ஐந்து ஆண்டுக்குப் பிறகு அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. 2021-ல் வெளியான முடிவு இது. கிராமத்துச் சமையலில் உப்பு டப்பாவை மாற்றியதால் கிடைத்த பலன் என்பதால், நம் டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான சேதி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கிற டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது. பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இவர்கள் தினமும் இளநீர் குடிப்பதானாலும் இதையேதான் சொல்வேன், அதிலும் பொட்டாசியம் உண்டு.

மற்றவர்கள் பொட்டாசியமும் மக்னீசியமும் உள்ள சாப்பாட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம். வாழைக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, உளுந்து, கொண்டைக்கடலை, எள், கேழ்வரகு என்று எல்லாமே இங்கே கிடைக்கிற சாமான்கள். அரிசியை வெள்ளைவெளேரென்று தீட்டும்போது மக்னீசியத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. அப்புறம் கஞ்சியை வடிக்கும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு, தவிட்டை மாட்டுக்கும் மாத்திரையை மனுஷனுக்கும் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

ரத்தத்தில் அளந்து பார்க்கவேண்டிய ஓர் உலோகம் உண்டு. அது காரீயம், ஆங்கிலத்தில் லெட் என்பார்கள். உடம்புக்கு அதனால் துளிகூடப் பயனில்லை. பெரியவர்களுக்குப் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்தியா முழுக்கப் பெட்ரோலில் காரீயம் சேர்ப்பது 2000-ம் ஆண்டோடு நின்றது. அதற்கு முன் உள்ளே போனது எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். வயதாகி எலும்பு தேயும்போது மறுபடி ரத்தத்துக்கு வரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது முக்கியம். நம் பக்கம் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அதனால் கெடுதல் இல்லை. விலை குறைய வேண்டும் என்று காரீயம் கலந்திருந்தால்தான் வம்பு. புளி ரசம் கொதிக்கும்போது அந்தக் காரீயம் ரசத்தில் இறங்கும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் நம்பிக்கையான பாத்திரக்காரரிடம் வாங்குங்கள்.

ரத்தத்தில் காரீயம் 100 மில்லிக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பேட்டரி உடைக்கிற வேலை, பழைய பெயிண்ட் சுரண்டுகிற வேலை, பற்றவைப்பு வேலை, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வேலை பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அவர்களுக்குப் பிரஷர் மாத்திரைக்கு அடங்காமல் இருந்தால், டாக்டரிடம் அந்த வேலையைச் சொல்லிக் காரீயத்துக்கு மட்டும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நெரிசலான ஓ.பி.யில், முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்; நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.