மேட்டூர் நீர்மட்டமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

(திருச்சியில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கூடிய சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். காலையில் வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "அக்கா, என் பையனுக்கு எட்டு வயசு. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். நான் அவன் வாழ்க்கையைக் கெடுத்துட்டு இருக்கேனா?" கண் கலங்கியிருந்தது. எழுதி எடுத்து வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

2014இல் என் மகனை இரண்டாம் வகுப்பில் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். அவனுக்கும் வாசிப்பு வரவில்லை. தினமும் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வரும். வீட்டுக்கு அழைத்து வந்து நான் முதலில் செய்த காரியம், கூடத்தில் கரும்பலகை மாட்டியது. ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு. நான்காவது நாள் அவனும் அழுதான், நானும் அழுதேன். பள்ளியில் ஆறு மணி நேரம் பயந்தவன், வீட்டில் நாள் முழுக்கப் பயந்தான். பலகையைக் கழற்றிப் பரணில் போட்டோம்.

அப்புறம் ஒன்றே ஒன்றுதான் விடாமல் செய்தோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நான் சத்தமாக வாசிப்பேன். கதை, பழைய சிறுவர் இதழ், சில நாள் செய்தித்தாள். அவன் படுத்துக்கொண்டு கேட்பான். கேள்வி கேட்கமாட்டேன், "இது என்ன எழுத்து?" என்று விரல் வைக்கமாட்டேன். இப்படியே இரண்டு வருஷம். ஒன்பது வயதில் ஒரு நாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கிறோம். "அம்மா, அது நம்ம பஸ் இல்ல, காட்டூர் வழி திருவெறும்பூர்னு போட்டிருக்கு" என்றான். றும்பூ என்று அந்த வார்த்தையில் வருகிற முடிச்சு பெரியவர்களுக்கே நாக்கில் சிக்கும். வீடு வந்து சேரும்வரை கடைப் பலகை ஒன்றை விடவில்லை.

காத்திருப்பது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது இல்லை. முதல் வருஷமே அவனைக் கண் டாக்டரிடம் காட்டினோம், காதைப் பரிசோதித்தோம், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம் கூட்டிப்போனோம். நீங்களும் அதைச் செய்துவிடுங்கள். செய்துவிட்டால் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

காத்திருக்கவிடாமல் நம்மைத் துரத்துவது பயம். "சட்டப்படி தப்பா? பத்தாம் வகுப்பு எப்படி எழுதுவான்? நாளைக்குப் பள்ளிக்கே போகணும்னா சேர்ப்பாங்களா?" இந்த மூன்று கேள்விதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தக் கோபத்தைக் காலையில் பிள்ளை மேல் காட்டுகிறோம். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அது பொருந்தும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அது அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த நிலை தெரிந்தே நாம் இதில் இறங்கியிருக்கிறோம். அதே சட்டத்தின் 4ஆவது பிரிவை எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியில் சேராத பிள்ளையையும், பாதியில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அது. திரும்பிப் போக வழி இருக்கிறது. அந்த வழியில் போன குடும்பங்களும் இங்கே உட்கார்ந்திருக்கின்றன. அவர்கள் தோற்றவர்கள் இல்லை. பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்தவர்கள்.

பத்தாம் வகுப்புக்கு என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இது. பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு வருகிறது. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. என் மகன் முதல் முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என்று எழுதினான். மாநிலப் பாடத்திட்டமே வேண்டும் என்பவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். எந்தப் பாடம் எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், பிள்ளை போக நினைக்கிற படிப்பின் சேர்க்கை விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பதினோராம் வகுப்பு வயதில் போய் "அறிவியல் எடுத்திருக்கலாமே" என்று வருந்தக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நம் மாநிலத்தில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு இருக்கிறது. அப்படி அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இவை கிடைக்காது. அந்தப் பணமும் அந்த ஒதுக்கீடும் தேவைப்படுகிற குடும்பம் என்றால், தயவுசெய்து பக்கத்து அரசுப் பள்ளியையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாலையும் விடுமுறையும் அப்போதும் உங்கள் கையில்தான் இருக்கும்.

சரி, தினமும் என்ன சொல்லிக்கொடுப்பது? இதோ என் கையில் இருக்கிற நோட்டைப் பாருங்கள். 2018இல் என் மகனுக்குப் பதினோரு வயது. அந்த ஜூலையில் மேட்டூர் அணை 120 அடியும் நிரம்பி, காவிரி கரை தொட்டு ஓடியது. ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் உடைந்தன. ஊரே போய்ப் பார்த்தது, நாங்களும் போனோம். 1836 வாக்கில் கட்டிய அணை என்று அவன் அப்பா சொன்னதும், "அப்போ கல்லணை ஏன் உடையல?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வி எங்களுக்கு ஒன்றரை வருஷத்துப் பாடமாகிவிட்டது.

செய்தித்தாளில் தினமும் மேட்டூர் நீர்மட்டம் போடுகிறார்கள் இல்லையா? அதை நோட்டில் எழுத ஆரம்பித்தான். தேதி, அடி, நீர்வரத்து, வெளியேற்றம். தசமப் புள்ளியை நான் சொல்லித்தரவே இல்லை. 99.64க்கும் 99.7க்கும் எது பெரிது என்று அவனுக்கே தெரிய வேண்டியிருந்தது. வரைபடத் தாள் வாங்கிக் கோடு இழுத்தான். ஒரு நாள், "கனஅடியும் டி.எம்.சி.யும் ஏன் வேற வேறயா போடறாங்க?" என்றான். இருவரும் உட்கார்ந்து போட்டோம். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கனஅடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. வகுத்தால் 11,574. அதாவது வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. விடை வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் போட்டுப் பார்த்தான். இந்தப் பக்கத்தில் இரண்டு முறை அடிக்கோடு இருக்கிறது பாருங்கள்.

உங்கள் வீட்டில் அது மேட்டூராக இருக்க வேண்டியதில்லை. மாவு அரைக்கிற வீடு என்றால் நாலுக்கு ஒன்று விகிதம் அங்கேயே இருக்கிறது. தையல் மெஷின் இருக்கிற வீட்டில் அங்குலமும் சென்டிமீட்டரும் இருக்கிறது. எண்ணும் எழுத்தும் தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து செய்தால் அந்த வயதுக்குப் போதும். மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

"நாலு பேரோட பழக வேண்டாமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பழகத்தான் வேண்டும். சிலம்பம், நூலகம், தெரு கிரிக்கெட், இந்த மாதிரிச் சந்திப்பு. தாத்தா பாட்டி கேட்டால் கோபப்படாதீர்கள், அவர்களுக்கும் பயம்தான். அவர்கள் கையில் ஒரு பாடத்தைக் கொடுங்கள். என் மாமியார் இரண்டு வருஷம் என்னோடு இதற்காகவே பேசாமல் இருந்தவர். கடைசியில் அவர்தான் என் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போய்விட்டு வந்து "இன்னிக்கு என்ன படிச்சான்?" என்று மனைவியிடம் கணக்குக் கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் முழுக்க நீங்களே பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை அவருடையது. அந்த ஒரு நாள் இல்லாமல் நான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்கமாட்டேன். அம்மா உடைந்துபோனால் வீட்டில் படிப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை.

எட்டு வயசுப் பையனின் அம்மா, எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள், கண் பரிசோதனை முடிந்ததா என்று பார்ப்போம். அப்புறம் இந்த நோட்டை உங்கள் பையனிடம் காட்டலாம், அவனுக்கு நம்பர் பிடிக்கும் என்று சொன்னீர்களே. மூன்று மணிக்கு மாடியில் திறந்தநிலைப் பள்ளி விண்ணப்பம் நிரப்ப உட்காருகிறோம். பிறப்புச் சான்றிதழும் ஆதார் நகலும் கொண்டுவந்தவர்கள் முதலில் வாருங்கள், கொண்டுவராதவர்கள் செல்போனில் படம் இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். நன்றி.