நான்கு இலட்சத்துக்குச் சக்கரம் வாங்காத கதை

வணக்கம் உறவுகளே. பின்னால் இரைவது சோளகக் காற்று. காரைநகருக்குப் போகிற பொன்னாலைப் பாலத்தின் நடுவில் நிற்கிறேன். சைக்கிளைச் சாத்தி வைக்க முடியவில்லை, முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் கதைக்கிறேன்.

பங்குனியில் எனக்குச் சீட்டு விழுந்தது. நான்கு இலட்சம் ரூபாய். நான் டிரையத்லன் ஓடுகிறவன், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்யும் போட்டி. அதற்காகச் சைக்கிளுக்கு உயரமான விளிம்புள்ள கார்பன் சக்கரம் ஒரு சோடி வாங்குவதென்று ஒரு வருடமாக மனதில் வைத்திருந்தேன். கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் அனுப்பிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். கூடவே நீச்சலுக்கு ஒரு ரப்பர் உடையும் வாங்கித் தருகிறேன் என்றார். அதை உடனேயே வேண்டாமென்றேன். 1.5 கிலோமீற்றர் வரையான நீச்சலில், தண்ணீர் 22 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் எங்களைப் போன்ற வயதுப்பிரிவுப் போட்டியாளர்கள் அதை அணிய உலக டிரையத்லன் விதி இடம் கொடுப்பதில்லை. எங்கள் கடல் மார்கழியிலும் அதைவிடச் சூடு.

சக்கர ஆசை மட்டும் விடவில்லை. அது தெளிந்தது கசூரினா கடற்கரையில்.

என் நேரங்களை எழுதிப் பார்த்தேன். 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். இதில் நீச்சலுக்கு மட்டும் எனக்கு 48 நிமிடம். கரையேறும்போதே கை சோர்ந்து, மூச்சு இரைத்து, சைக்கிளில் ஏறவே மனம் வராது. இந்த நிலையில் சக்கரம் எனக்கு என்ன செய்யும்? கசூரினாவில் நீச்சல் பழக்கும், வல்வெட்டித்துறைப் பக்கத்து அண்ணை ஒருவரைத் தேடிப் போனேன்.

அவர் இடுப்பளவு தண்ணீரில் 25 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பு நட்டார். என்னை நீந்தச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நடந்து வந்தார். 34 தரம் கை வீசித்தான் அடுத்த கம்பைத் தொட்டேன். "தம்பி, தலையைத் தூக்குகிறீர், அதுதான் கால் தாழ்கிறது. மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு முடித்துவிடும். தலையைத் திருப்பும்போது உள்ளே எடுக்க மட்டும்தான் நேரம்" என்றார். உள்ளங்கையை என் நெற்றிக்குக் கீழே பிடித்து, அந்த மட்டத்துக்கு மேலே முகம் எழும்பாமல் பார்த்துக்கொண்டார். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. தொங்குகிற கால், வள்ளத்தில் இழுபடுகிற நங்கூரம் மாதிரி. மூன்று மாதத்தில் 34 வீச்சு 25 ஆனது. அன்றைக்கு நான் கரையில் இருந்து அழுதேன், உண்மையாகவே.

அவர் வெளியிலிருந்து பார்த்ததை நான் எத்தனை வருடம் தனியே நீந்தினாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததும், 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் 51 மணித்தியாலத்தில் போய்த் திரும்பியதும் இந்தக் கரைகளிலிருந்துதான். எங்கள் ஊரிலேயே இருக்கிற அறிவை விட்டுவிட்டுப் பெட்டியில் வருவதை நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சைக்கிளுக்கும் அப்படித்தான். பழக்குநர் ஒருவர் என் குதிக்காலை மிதியில் வைத்து, கால் நேராக நீளும்வரை ஆசனத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினார். முழங்கால் நோவு போய்விட்டது. முழங்கையை மடித்து முதுகைத் தாழ்த்தி ஓடப் பழக்கினார். காற்றின் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுகிறவரின் உடம்பால்தான் வருகிறது, சைக்கிளால் வருவது மிச்சம். அந்த உயர விளிம்புச் சக்கரத்தோடு இந்தப் பாலத்தில், இப்படிப் பக்கவாட்டாக அடிக்கும் சோளகத்தில் வந்திருந்தால் முன்சக்கரம் என்னைக் கடல்நீரேரிப் பக்கம் தள்ளியிருக்கும்.

நல்ல தலைக்கவசம், நல்ல டயர், தண்ணீர் புகாத நீச்சல் கண்ணாடி. இவற்றில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முதல் சில வருடங்களுக்கு, சறுக்காமல் ஓடுகிற சாதாரண சைக்கிளே போதும்.

சீட்டுக் காசில் இதுவரை 70 ஆயிரம் செலவாகியிருக்கிறது. மிச்சம் வங்கியில் கிடக்கிறது, அடுத்த வருடப் பயிற்சிக்கு. பருத்தித்துறை, மாதகல் பக்கம் நீச்சல் பழக்குகிறவர்களைத் தெரிந்தால் எழுதுங்கள், இரண்டு பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் இனிக் கசூரினாவுக்குப் போகிறேன். அண்ணை ஆறு மணிக்கே கம்பு நட்டுவிடுவார்.