உங்க 38 பார் ரேஸ்ல செல்லுமா?

வணக்கம் மக்களே. போன வாரம் சைக்கிள் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கற துண்டு) வீடியோ போட்டா, கீழ பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி: "என் 38 பார் செல்லுமா செல்லாதா?" 38ன்னா 38 செ.மீ. அகல ஹேண்டில்பார். வாங்க, இன்னைக்கு அளவு டேப்பை வச்சே பாத்துடலாம்.

2026 ஜனவரி 1-லேருந்து யூசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) ரோடு ரேஸ்ல பார் அகலம் குறைஞ்சது 400 மி.மீ. இருக்கணும். வெளி ஓரத்துலேருந்து வெளி ஓரம்! பெட்டியில போட்டிருக்கற 38, 40 எல்லாம் பெரும்பாலும் குழாய் நடுவுலேருந்து நடு. அதுலயும் ஒருத்தன் ஹூட்கிட்ட (பிரேக் லீவர் மேல இருக்கற ரப்பர் பிடி) அளக்கறான், இன்னொருத்தன் டிராப் (கீழ வளைஞ்சு போற பகுதி) முனையில அளக்கறான். எனக்கு இதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். ஒரே பொருளுக்கு எதுக்குய்யா மூணு அளவு? ஸ்டிக்கரை நம்பாதீங்க. டிராப் குழாய் தடிமன் சுமாரா 24 மி.மீ. முனையில நடு-நடு 38ன்னா வெளி-வெளி 404, தப்பிச்சீங்க. 36ன்னா 384, அவ்வளவுதான். ஆனா ஹூட்ல 36, கீழ 40ன்னு விரியற ஃப்ளேர் பார் இருக்கே, அது செல்லும். நம்ம ஓட்டு அதுக்குத்தான்.

ஐயோ, ஒண்ணை விட்டுட்டேன். ரெண்டு ஹூட்டோட உள் ஓரத்துக்கு நடுவுல 280 மி.மீ. இருக்கணும். முதல்ல 320ன்னாங்க. தோள் குறுகலா இருக்கறவங்க, முக்கியமா பெண் ரேசர்கள், எதிர்த்த பிறகுதான் இறங்கி வந்தாங்க. லீவரை உள்பக்கம் திருப்பி இதை ஏமாத்தலாம்னு பாக்காதீங்க, அதுக்கும் 10 டிகிரிதான் எல்லை.

குறுகின பார் மேல ஏன் இவ்வளவு ஆசை? ஹூட்டைப் பிடிச்சு முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையா வச்சா காத்துல படற பரப்பு குறையும். கையை நீட்டிக்கிட்டு டிராப்ல தொங்கறதைவிட இதுதான் வேகம்.

இப்போ அகல பாருக்கு மாறினா என்ன ஆகும்? கை பக்கவாட்டுல விரியும், முன்னாடி எட்டறது குறையும். பழைய ஸ்டெம்மையே வச்சா தோள் இழுக்கும். 10 மி.மீ. குட்டையான ஸ்டெம் போட்டுப் பாருங்க. சீட்டை முன்னாடி தள்ளி சரிக்கட்டாதீங்க. சீட் பெடலுக்காக, பார் கைக்காக. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துச்சுன்னா கையில எடை ஜாஸ்தி, ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் வளையத்தை ஸ்டெம்முக்குக் கீழ சேத்து பாரை உயர்த்துங்க.

இனிமேதான் தலைவலி. டிஸ்க் பிரேக் எண்ணெய் போற ஹோஸ் பாருக்குள்ள போகுதா? பாரை மாத்தணும்னா ஹோஸை லீவர்லேருந்து கழட்டணும். அங்க ஒரு ஆலிவ் இருக்கும், சின்ன பித்தளை வளையம். ஒருதடவை நசுங்கினா முடிஞ்சது. பழசையே போட்டா நிறுத்தி வச்சப்போ ஒண்ணும் தெரியாது, அழுத்திப் பிடிக்கும்போது எண்ணெய் கசியும், லீவர் பாரைத் தொடும். ஹோஸ் முனையை நேரா வெட்டி, புது ஆலிவ், புது பார்ப் (ஹோஸ் முனைக்குள்ள சொருகற குட்டிக் குழாய்) ரெண்டும் போட்டு பிளீட் பண்ணுங்க, அதாவது உள்ள இருக்கற காத்தை வெளியேத்துங்க. கட்டைவிரல் நகம் அளவு பொருள்ங்க, அதுல போயா கஞ்சத்தனம்? வாங்கும்போதே ரெண்டு செட்டா வாங்குங்க, கீழ விழுந்து உருண்டா கண்டுபிடிக்க முடியாது.

ஆ, ஸ்டெம் போல்ட்! எவ்வளவு முடுக்கணும்ங்கற டார்க் அளவு ஸ்டெம் மேலேயே அச்சடிச்சிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். பாரைப் பிடிக்கற மூடிக்கு மேல கீழ இடைவெளி ஒண்ணா இருக்கணும், குறுக்கா மாத்தி மாத்தி முடுக்குங்க. கார்பன் பார்னா கார்பன் பேஸ்ட், கிரீஸ் கூடாது, வழுக்கும். ஸ்டெம் மாட்டற ஃபோர்க்கோட ஸ்டீரர் குழாயை மட்டும் இப்போ வெட்டாதீங்க. ரெண்டு வாரம் ஓட்டிட்டு உயரம் முடிவானதும் வெட்டுங்க, பார் டேப்பையும் அப்போ சுத்திக்கலாம்.