ஒரு ஸ்ட்ரிப் வீணாப் போகும்

(திருச்சியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

நான் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறவள். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பார்கின்சன்ஸ் வந்தவர்கள் என்று இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. இன்றைக்கு அவர்களைப் பற்றிப் பேச வரவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "காபியா, மோரா?" என்று கேட்டபடியே சமையற்கட்டுக்குள் மறைந்துவிடுகிறாரே ஒருவர், கூடவே இருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்கிற அவரைப் பற்றித்தான் பேச்சு.

போன வருஷம் ஒரு வீடு. கணவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. எழுபத்தெட்டு கிலோ. மனைவி நாற்பத்தாறு கிலோ இருந்தால் அதிகம். கணவரின் கையை நான் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவின் கால் கண்ணில் பட்டது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண், மஞ்சள் அப்பியிருந்தது. "வெந்நீர் கொட்டிடுச்சு. ஆச்சு, ஒன்றரை மாசம்" என்றார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர். தினமும் காலையில் கணவருக்குக் குத்திப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறார், முத்து முத்தான கையெழுத்தில். "உங்களுக்கு எப்போம்மா பாத்தீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "எனக்கெதுக்கு? ஒரு ஸ்ட்ரிப் வீணாப் போகும்."

வலுக்கட்டாயமாக விரலைப் பிடித்துக் குத்தினேன். 312. அன்று காலைத் தாளில் கணவருக்கு எழுதியிருந்தது 128.

அந்தப் புண் ஆறாததற்குச் சர்க்கரைதான் முதல் காரணம், சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடத்தி 1995இல் வெளியிட்டார்கள். மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அப்படி யாரையும் பார்த்துக்கொள்ளாத 13 பெண்கள். எல்லாருக்கும் முன்கையில் ஒரே அளவு, 3.5 மில்லிமீட்டர் காயம். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. மனசில் இருக்கும் பாரம் தோல் வரைக்கும் வந்துவிடுகிறது.

1999இல் இன்னொன்று வந்தது. நோயுள்ள கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு வருஷம் கவனித்தார்கள். அந்த வேலையால் நொந்துபோயிருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, அப்படி யாரையும் பார்த்துக்கொள்ளாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. பயப்படாதீர்கள், முழுசாகக் கேளுங்கள். அதே வேலையைச் செய்தும் நொந்துபோகாமல் இருந்தவர்களுக்கு அப்படி ஆபத்து கூடவில்லை. ஆகவே, "பாத்துக்காதீங்க" என்று சொல்ல நான் வரவில்லை. எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் பேச்சு.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும் 950ஆவது குறளில் வைத்தியத்துக்கு நான்கு கூறு என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து. நாலாவது, உழைச்செல்வான். கூடவே இருந்து மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவன். இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நாம் என்ன கூப்பிடுகிறோம்? "பேஷண்டோட அட்டெண்டர் யாரு?" போகட்டும், பெயரிலாவது என்ன. நாலில் ஒரு கூறாக வள்ளுவர் வைத்தவருக்கு நம் வீடுகளில் கேஸ் ஷீட் கிடையாது, அதுதான் என் குறை.

அதற்குப் பதிலாக ஒரு பட்டம் கொடுத்துவிடுகிறோம். "நீ தெய்வம்மா." தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது. வலிக்கிறது என்று தெய்வம் வாயைத் திறந்தும் சொல்ல முடியாது. அதனாலேயே எனக்கு இந்தப் பட்டத்தைக் கண்டால் ஆகாது.

இடுப்பு என்றதும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் "குனிஞ்சு தூக்காதீங்க" என்று பாடம் எடுத்தவள், என் அம்மாவை ஒருநாள் ராத்திரி பாத்ரூமில் குனிந்து தூக்கினேன். முதுகில் டிஸ்க் விலகி மூன்று வாரம் படுக்கை. என்னைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வரவேண்டியதாயிற்று! (சிரிப்பு)

தூக்குவது என்ற வார்த்தையை முதலில் மறந்துவிடுங்கள். நகர்த்துவதுதான் சரி. பழைய நூல் புடவையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற மாதிரி படுத்திருப்பவருக்கு அடியில் போடுங்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், புடவையோடு சேர்த்து மேலே நகர்த்தலாம். கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் ஆடாமல் உட்காருகிற மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். துடைக்கும்போதும் துணி மாற்றும்போதும் உங்கள் இடுப்பு மட்டத்துக்கு அவர் வரவேண்டும், நீங்கள் அவரிடம் இறங்கக்கூடாது. உட்கார வைக்கும்போது கட்டிலைத் திரும்பத் தாழ்த்த முடியாது என்றால், கால் வைக்க ஒரு அகலமான பலகை போதும். விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். அவர் தோள் மூட்டு நழுவும், உங்கள் முதுகும் போகும்.

தூக்கம்தான் பெரிய சிக்கல். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்வார்கள். பகலில் சரி. ராத்திரியும் அப்படியே என்றால் மனுஷிக்கு என்ன ஆகும்? ஏர் பெட் இருந்து, தோலும் நன்றாக இருந்தால், ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று டாக்டரையோ நர்ஸையோ கேளுங்கள். நாமாகக் கூட்டக்கூடாது, ஆனால் வாய்விட்டுக் கேட்கலாம்.

தூக்கம் கெட்டால் கோபம் வரும். "செத்துத் தொலைஞ்சா தேவலை" என்று ஒரு நொடி தோன்றும். அடுத்த நொடியே பூஜை அறையில் போய் அழுதவர்களை எனக்குத் தெரியும். அப்படித் தோன்றியதற்காக நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. கை ஓங்குகிற அளவுக்கு வந்தால் மட்டும், அவரைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். 14416 என்று மனநல உதவிக்கு ஓர் அரசு எண் இருக்கிறது, டெலி மானஸ். காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்காரருக்காக வரும்போது கூடவே உங்கள் கையையும் நீட்டுங்கள்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வசனம் சொல்வார்கள்: "ஏதாவது வேணும்னா சொல்லு." நாமும் தலையாட்டிவிடுவோம். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஒரு நாளில் அதற்குக் கொடுப்பது 134 நிமிஷம், ஆண்கள் 76. குழந்தை வளர்ப்பும் இதில் சேர்த்தி. அந்த 76இல் பாதி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்த நேரமாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். "உதவி" என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்காது. மணி சொல்லிக் கேளுங்கள். "ஞாயித்துக்கிழமை ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் நீ வந்து அப்பாகூட இரு." வந்தவர் பால் கஞ்சியைக் கட்டி தட்ட விட்டால் விடட்டும், வாசலில் நின்று திருத்திக்கொண்டிருக்காதீர்கள்.

அந்த ஸ்ட்ரிப் அம்மா அப்படித்தான் கேட்டார். மச்சினர் வந்தார். முதல் ஞாயிறு அந்த அம்மா எங்கேயும் போகவில்லையாம். எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்து நாலு மணி நேரம் தூங்கியிருக்கிறார். இரண்டாவது ஞாயிறுதான் கால் புண்ணைக் காட்ட டாக்டரிடம் போனார். காலண்டர் தாளில் இப்போது இரண்டு வரிசை இருக்கிறது.

இன்னும் சொல்ல இருக்கிறது. ஆனால் மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை அம்மா வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்க்கிறார். ஆறு மணி வரைக்கும்தான் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாராம். மைக்கை அவரிடம் கொடுங்கள், அவர் முதலில் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும்.